தன் இரத்தத்தின் பகையைக் கண்டறிந்தவர்: கார்ல் லான்ட்ஸ்டைனர்



ஆண்டுதோறும் ஜூன் மாதம் 14-ஆம் திகதி உலக இரத்ததானம் செய்வோர் தினமாகக் கொண்டாடப்படுவதை நீங்கள் அறிவீர்கள். 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தினத்துக்கு ஜூன் 14 தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. மனிதருடைய இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லான்ட்ஸ்டைனர் என்னும் கத்தோலிக்க விஞ்ஞானியின் பிறந்த நாள் அது. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அவருடைய பெயர் தெரியும். ஆனால் அவர் கண்டறிந்த மற்றோர் உண்மையை நம்மில் மிகச் சிலரே அறிவர். நம்முடைய தோட்டப்புறங்களில் வாழும் பலருடைய துன்பத்தோடு நெருங்கிய தொடர்புடையது அந்த உண்மை. அதை முன்னிட்டே அவருடைய வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம்.

பூண்டுலோயாவை எடுத்துக்கொள்வோம். டன்சினன், சீன் போன்ற தோட்டங்களில் விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குச் செல்லும் பெண்களிடையே, நாற்பது வயதுகூட நிரம்பாத ஒருத்தி கைவிரல்களை மடக்க முடியாமல் தவிப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். விரல் கணுக்கள் இரண்டு கைகளிலும் ஒன்றுபோல வீங்கியிருக்கும். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் கடந்த பிறகும் கை இளகாது. கூடையில் கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான். லயத்துக்குத் திரும்பினாலோ அக்கம்பக்கத்துப் பேச்சு காத்திருக்கும். மலைக்குளிர் எலும்பில் ஏறிவிட்டது என்பார் ஒருவர். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர். பெற்றோர் செய்த பாவம் பிள்ளையின் தலையில் விடிந்தது என்று கூசாமல் சொல்வாரும் உண்டு. நோய் கொடுக்கும் வேதனை ஒரு பங்கு என்றால், இந்தப் பழிச்சொல் கொடுக்கும் வேதனை இரண்டு பங்கு.

பிறவியிலேயே பார்வை இழந்த மனிதனைக் கண்ட சீடர்களும் இதே கேள்வியைத்தான் ஆண்டவரிடம் கேட்டார்கள் என்று யோவான் நற்செய்தி கூறுகின்றது. பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்பது அவர்களுடைய கேள்வி. ஆண்டவர் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த மனிதனுக்குப் பார்வை அளித்தார். பாவக் கணக்குப் பார்க்காமல் நோயின் காரணத்தை நோயாளியின் இரத்தத்திலேயே தேடிக் கண்ட ஒருவருடைய வரலாறு இது.

தந்தையை இழந்த பிள்ளை

ஒஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவுக்கு அருகில் பாடன் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் திகதி கார்ல் லான்ட்ஸ்டைனர் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை லெயோபோல்ட் வியன்னாவில் பெயர் பெற்ற பத்திரிகையாளர். மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அவர் திடீரென இறந்துவிட்டார். அன்றிலிருந்து தாயார் ஃபனியே பிள்ளைக்கு எல்லாமுமாக இருந்து வளர்த்தார். தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த பாசம் எத்தகையது என்பதற்கு ஒன்று சொல்லலாம். 1908-இல் தாயார் மரித்தபோது அவருடைய முகத்தை அச்செடுத்துச் செய்த வடிவத்தை, மகன் தாம் வாழ்ந்த காலமெல்லாம் படுக்கையறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

இளைஞர் கார்ல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். மாணவராக இருந்த காலத்தில், 1890-ஆம் ஆண்டில், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு, 1891-இல், மருத்துவப் பட்டம் பெற்றார். அக்கால வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் நகரில் ஒரு வைத்திய நிலையத்தைத் திறந்தால் வசதியோடு வாழலாம். விதவைத் தாயின் ஒரே மகன் அவ்வாறு செய்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ வேறு வழியைத் தெரிந்துகொண்டார். நோயாளியின் உடலில் நடப்பவற்றை அறியவேண்டுமானால் முதலில் இரசாயனத்தை ஆழமாகக் கற்கவேண்டும் என்று கருதி, பட்டம் பெற்ற பின்னரும் மாணவரைப் போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். சூரிச், வூர்ஸ்பேர்க், மியூனிக் ஆகிய நகரங்களின் ஆய்வுகூடங்களில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்தன. வூர்ஸ்பேர்க்கில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், பின்னாளில் 1902-இல் நோபல் பரிசு பெற்ற எமில் ஃபிஷர்.

பட்டம் பெற்றவர் மற்றோர் அறிஞரின் ஆய்வுகூடத்தில் சில ஆண்டுகள் தங்கி, குறைந்த ஊதியத்தில் ஆராய்ச்சி செய்து கைதேர்வதற்கு இன்று ஒரு பெயர் உண்டு. கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சிப் பதவி என்று பல்கலைக்கழகங்கள் அதனை அழைக்கின்றன. நிலையான உத்தியோகமும் அன்று, மாணவப் பருவமும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தவக்காலம் என்று சொல்லலாம். அந்தப் பெயர் வழக்கத்துக்கு வருமுன்னரே லான்ட்ஸ்டைனர் அந்தத் தவத்தை மேற்கொண்டார்.

தன்னதும் பிறரதும்

வியன்னாவுக்குத் திரும்பிய அவர் 1896-இல் சுகாதார ஆய்வு நிலையத்தில் உதவியாளரானார். 1898 தொடக்கம் நோயியல் உடற்கூற்று நிலையத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். அங்கே அவருடைய அன்றாட வேலை இறந்தவர்களின் உடலை அறுத்து மரணத்தின் காரணத்தைக் கண்டறிவது. பத்து ஆண்டுகளில் 3,600-க்கும் மேற்பட்ட பிரேத பரிசோதனைகளைச் செய்தார். அந்த வேலை முடிந்து எஞ்சிய நேரத்தில்தான் ஆராய்ச்சி.

அக்காலத்தில் ஒருவருடைய இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது சூதாட்டம் போன்றது. சிலர் பிழைத்தனர்; சிலர் இரத்தம் ஏறிய சற்று நேரத்திலேயே துடிதுடித்து இறந்தனர். ஒருவருடைய இரத்தத்தை இன்னொருவருடைய இரத்தத்தோடு கலந்தால் சில வேளைகளில் செங்குழியங்கள் கட்டிகட்டியாகத் திரள்வதை வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். அது நோயின் அடையாளம் என்றே பலரும் எண்ணினர். லான்ட்ஸ்டைனர் அப்படி எண்ணவில்லை. நல்ல தேகாரோக்கியம் உள்ளவர்களின் இரத்தத்தையே சோதிக்க முடிவு செய்தார். தம்முடைய இரத்தத்தையும் உடன் வேலை செய்த ஐவருடைய இரத்தத்தையும் எடுத்தார். தெளிந்த நீரை ஒரு பக்கமும் செங்குழியங்களை மறுபக்கமுமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு கலந்து பார்த்தார்.

விளைவு கட்டம் போட்டதுபோல் ஒழுங்காக அமைந்தது. சில கலவைகள் திரண்டன, சில திரளவில்லை. 1901-இல் வெளியிட்ட கட்டுரையில் மனித இரத்தத்தை மூன்று வகைகளாக அவர் பிரித்தார். மறு ஆண்டு அவருடைய சகாக்கள் இருவர் நான்காவது வகையைக் கண்டனர். ஏ, பி, ஏபி, ஓ என்று இன்று நம்முடைய கிளினிக் அட்டைகளில் எழுதப்படுபவை இவைதான்.

இந்தச் சோதனையில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. திரண்ட கலவைகள் எல்லாம் பிறருடைய குழியங்களோடு கலந்தவை. எவருடைய இரத்த நீரும் அவருடைய சொந்தக் குழியங்களைத் தாக்கவில்லை. உடலில் உள்ள காவல் பொருள்களுக்கு இது தன்னது, இது பிறரது என்று பிரித்தறியும் ஆற்றல் இருக்கிறது. வாசலில் நிற்கும் காவற்காரன் வீட்டாரை விட்டு, அந்நியரைத் தடுப்பதுபோல அது செயற்படுகிறது. படைத்தவருடைய ஞானத்தை எண்ணி வியக்க இது ஒன்றே போதும்.

அதே ஆண்டுகளில் ஜேர்மனியில் போல் ஏர்லிக் என்னும் பேரறிஞர் ஆடுகளைக்கொண்டு இதே முடிவுக்கு வந்திருந்தார். ஓர் ஆட்டுக்கு இன்னோர் ஆட்டின் இரத்தத்தைச் செலுத்தினால், அதனை அழிக்கும் பொருள் உண்டாயிற்று. அதன் சொந்த இரத்தத்தையே செலுத்தினால் அத்தகைய பொருள் உண்டாகவில்லை. தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்ள உடல் பேரச்சம் கொள்கிறது என்று ஏர்லிக் அதற்குப் பெயரிட்டார். அவர் சொன்ன சொல்லுக்கு மருத்துவ உலகில் அத்தனை மதிப்பு இருந்தபடியால், உடல் தன்னையே தாக்குவது நடவாத காரியம் என்று பலரும் நம்பலாயினர்.

குளிரில் கறுத்த சிறுநீர்

அவ்வேளையில் லான்ட்ஸ்டைனரின் கவனத்தை ஒரு விசித்திர நோய் ஈர்த்தது. அந்த நோயாளிகள் சாதாரண நாட்களில் நலமாக இருப்பார்கள். குளிரில் வெளியே சென்று திரும்பினால், சற்று நேரத்தில் நடுக்கமும் முதுகுவலியும் காய்ச்சலும் வரும். சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறும். செங்குழியங்கள் உடைந்து, அவற்றின் சிவப்புச் சாயம் சிறுநீரில் கலப்பதே அதற்குக் காரணம். ஆனால் அவற்றை உடைப்பது எது? குளிர் மட்டுமே காரணம் என்றால், பனிக்காலத்தில் வியன்னா நகர் முழுவதும் நோயில் விழுந்திருக்க வேண்டுமே!

லான்ட்ஸ்டைனரும் யூலியஸ் டொனாத் என்ற வைத்தியரும் சேர்ந்து 1904-ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். சோதனை மிக எளிது. நோயாளியின் இரத்தத்தை ஒரு குழாயில் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் குளிரச் செய்தார்கள். பிறகு அதனை உடலின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்தார்கள். உடனே குழியங்கள் உடைந்து நீர் சிவந்தது. நலமாக உள்ளவருடைய இரத்தத்தில் இவ்வாறு நடக்கவில்லை. நோயாளியின் இரத்த நீரில் ஒரு பொருள் இருந்தது. குளிர்ந்த நேரத்தில் அது அவருடைய சொந்தக் குழியங்களில் ஒட்டிக்கொண்டது. மீண்டும் சூடேறியபோது இரத்தத்தில் உள்ள வேறு பொருள்களின் துணையோடு குழியங்களை உடைத்தது. ஒட்டும் பொருள் பிறபொருளெதிரி. கிருமியை அழிப்பதற்காக உடல் உண்டாக்கும் அதே வகை ஆயுதம்.

இதன் பொருளைச் சற்று நிதானமாகச் சிந்தித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் உடல் தன்னதைத் தாக்குவதில்லை என்று காட்டியவர் இவர்தான். அந்த விதிக்கு விலக்கு உண்டு என்பதைக் காட்டியவரும் இவரே. காவற்காரன் வழிதவறி வீட்டுக்காரனையே அடிக்கிறான்! உடலின் காவற்சக்தி உடலையே தாக்கும் நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்று இப்போது வகைப்படுத்துகின்றனர். அவ்வகையில் பொறிமுறை தெளிவாக விளக்கப்பட்ட முதலாவது நோய், 1904-இல் வியன்னாவில் விளக்கப்பட்ட இந்த நோய்தான்.

மலைநாட்டு வாசகர்கள் பயப்படத் தேவையில்லை. குளிரில் வேலை செய்யும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. இது மிக அரிதானது. அந்த எளிய குழாய்ச் சோதனை நமக்குக் கற்பித்த பாடமே முக்கியம். நோய் வெளியிலிருந்து ஏவப்படவில்லை. நோயாளி செய்த தீச்செயலுக்குக் கூலியாகவும் வரவில்லை. இரத்தத்தின் காவல் ஒழுங்கில் ஏற்பட்ட ஒரு பிசகு அது. அதனைக் கண்ணால் பார்க்கலாம், ஆராயலாம், ஆராய்ந்தால் ஒரு நாள் மருந்தும் காணலாம்.

வறுமையும் பணியும்

இத்தகைய கண்டுபிடிப்புகளைச் செய்தவருக்கு நாடு மாலை சூட்டி வரவேற்றிருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. 1908-இல் அவர் வியன்னாவின் வில்ஹெல்மினா வைத்தியசாலைக்குப் பிரேத பரிசோதகராகச் சென்றார். 1911-இல் பல்கலைக்கழகம் பேராசிரியர் என்ற பெயரைக் கொடுத்தது. பேராசிரியருக்குரிய சம்பளத்தைக் கொடுக்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் இளம்பிள்ளைவாதம் ஒரு வைரசுக் கிருமியால் பரவுகிறது என்பதை எர்வின் பொப்பருடன் சேர்ந்து காட்டினார். அந்நோயால் இறந்த ஒரு சிறுவனின் முள்ளந்தண்டு வடத்திலிருந்து எடுத்த சாற்றைக் குரங்குகளுக்குச் செலுத்தி அவர்கள் அதனை நிறுவினர். அன்று போடப்பட்ட அடித்தளத்தின் மீது கட்டப்பட்டதே பின்வந்த தடுப்பு மருந்து. இலங்கையில் 1993-க்குப் பின் அந்நோய் காணப்படவில்லை என்பதை நன்றியோடு நினைவுகூருவோம்.

1916-இல், நாற்பத்தெட்டு வயதில், ஹெலன் விளாஸ்டோ என்ற பெண்மணியை அவர் திருமணம் செய்தார். மறு ஆண்டு ஒரே மகன் பிறந்தான். முதலாவது உலகப் போர் முடிந்தபோது வியன்னாவில் பாலும் இல்லை, விறகும் இல்லை. கைக்குழந்தையோடு குடும்பம் பட்டினியை எதிர்நோக்கியது. 1919-இல் அவர் ஒல்லாந்தின் ஹேக் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஒரு சிறிய கத்தோலிக்க வைத்தியசாலையில் பிரேத பரிசோதகர் வேலை கிடைத்தது. உலகம் போற்றவேண்டிய மேதை அங்கே சிறுநீரையும் இரத்தத்தையும் நாளாந்தம் சோதிக்கும் சாதாரண வேலையைச் செய்தார். சம்பளம் போதாமல் வேறொரு நிறுவனத்திலும் வேலை பார்த்தார். இத்தனைக்கும் நடுவில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவந்தன.

அமெரிக்காவின் ரொக்ஃபெலர் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. 1923-இல் குடும்பத்தோடு நியூயோர்க் சென்றார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. முதன்முறையாகக் குறையில்லாத ஆய்வுகூடமும் கவலையில்லாத சம்பளமும் கிடைத்தன. இரத்த வகைகளைக் கண்டறிந்தமைக்காக 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! அந்த இடைக்காலத்தில் அவருடைய கண்டுபிடிப்பால் காப்பாற்றப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் அவருடைய பெயரையே அறியாதவர்கள்.

அஞ்சி மறைத்த பெயர்

ஒருவருடைய வாழ்க்கையை எழுதும்போது நிறைவை மட்டும் எழுதி நிழலை மறைப்பது முறையாகாது. 1937-இல் அமெரிக்க யூதப் பிரமுகர்களைப் பற்றிய ஒரு விவர நூலில் தமது பெயர் சேர்க்கப்படக் கூடாதென்று லான்ட்ஸ்டைனர் நீதிமன்றத்தை நாடினார். அவருடைய முயற்சி வெற்றி பெறவில்லை. ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சி யூத மக்களை வதைத்துக்கொண்டிருந்த காலம் அது. தம் மூதாதையரின் இனத்தைச் சொல்லிக்கொள்ள அந்தப் பெரிய மனிதர் விரும்பவில்லை.

இதைக் கேட்டு நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டாம். 1977-இலும் 1983-இலும் பஸ்ஸிலும் ரயிலிலும் தம் மொழியில் வாய்திறக்கவே அஞ்சிய மக்கள் நாம். ஒரு மனிதன் தன் பிறப்பை மறைக்க நேர்வது அவனைவிட அவனைச் சூழ்ந்த சமுதாயத்துக்கே வெட்கம். யூத மக்களைப் பகைப்பதும் துன்புறுத்துவதும் தகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் திட்டவட்டமாகக் கற்பித்தது. தன் உறுப்பையே அந்நியமென்று எண்ணித் தாக்கும் உடல் நோயுற்ற உடல் என்றால், தன் மக்களையே அந்நியரென்று தாக்கும் நாடும் அவ்வாறே நோயுற்ற நாடு.

குழியங்களே காவலர்

முதுமையிலும் அவருடைய கை ஓயவில்லை. 1940-இல் அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து றீசஸ் காரணியை அறிவித்தார். கர்ப்பிணித் தாய்மாரின் அட்டையில் இரத்த வகைக்குப் பக்கத்தில் நேர், மறை என்று குறிக்கப்படுவது இதுதான். மறை வகைத் தாயின் வயிற்றில் நேர் வகைக் குழந்தை வளரும்போது, பின்வரும் குழந்தைகளுக்கு ஆபத்து நேராதபடி இன்று ஓர் ஊசி போடுகிறார்கள். தாய்மாரே, கிளினிக்குக்கு ஒழுங்காகச் செல்லுங்கள். அந்த ஓர் எழுத்தும் ஓர் அடையாளமும் ஒரு பிள்ளையின் உயிர்.

1942-இல், எழுபத்து நான்கு வயதில், மெரில் சேஸ் என்ற இளம் ஆய்வாளரோடு அவர் வெளியிட்ட ஒரு சோதனை இன்றைய ஆராய்ச்சிக்கு வாசல் திறந்தது. சில இரசாயனப் பொருள்கள் பட்டால் தோல் சிவந்து வீங்கும்படி கினிப் பன்றிகளைப் பழக்கினார்கள். அந்தத் தன்மையைப் பழக்கப்படாத பன்றிகளுக்கு மாற்ற முடியுமா என்று பார்த்தார்கள். இரத்த நீரைச் செலுத்தியபோது பயன் இல்லை. உயிருள்ள வெண்குழியங்களைச் செலுத்தியபோது அந்தத் தன்மை மாறிச் சென்றது. காவல் செய்வது இரத்த நீரில் கரைந்துள்ள பொருள் மட்டுமன்று. உயிருள்ள குழியங்களும் நேரே காவல் புரிகின்றன என்பது அதனால் விளங்கிற்று. வாழ்நாள் முழுவதும் இரத்த நீரையே ஆராய்ந்தவர், தம் கடைசிக் காலத்தில் குழியங்களின் பக்கம் கைகாட்டிச் சென்றார்.

1943-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் திகதி ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. கையில் ஆய்வுக் குழாய் இருந்தது. இரண்டு நாட்களின் பின், ஜூன் 26-ஆம் திகதி, தாம் பணியாற்றிய நிலையத்தின் வைத்தியசாலையிலேயே உயிர் துறந்தார்.

அவருக்குப் பின்

உடல் தன்னைத் தாக்காது என்ற எண்ணம் எளிதில் சாகவில்லை. 1956-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ணெஸ்ட் விட்டெப்ஸ்கியும் நோயல் றோஸ் என்ற இளைஞரும் முயல்களின் தைரொயிட் சுரப்பியைக்கொண்டு, உடல் தன் உறுப்பையே தாக்கும்படி செய்ய முடியும் என்று காட்டினர். அதன் பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. மூட்டுகளை வீக்கி முடக்கும் வாதம், முகத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்புத் தழும்பைக் கொணரும் லூப்பஸ், சிறு பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவு ஆகிய யாவும் இந்த வரிசையில் சேர்க்கப்பட்டன. இவற்றுள் பல ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பற்றுகின்றன. லூப்பஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள்.

அப்படியானால், நம்மில் பெரும்பாலோருடைய உடல் ஏன் தன்னைத் தாக்குவதில்லை? காவலர்களைக் கண்காணிக்கும் காவலர்களும் இரத்தத்தில் உண்டு என்பதே விடை. வழிதவறும் வெண்குழியங்களை அடக்கி வைக்கும் ஒரு தனிவகைக் குழியத்தை ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995-இல் எடுத்துக்காட்டினார். அவருக்கும், அக்குழியங்களை ஆளும் மரபணுவைக் கண்ட மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய அமெரிக்கர் இருவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வியன்னாவில் ஆறு பேருடைய இரத்தத்தில் தொடங்கிய கேள்வி, ஒரு நூற்றாண்டு கடந்து இந்த விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விடை முழுமை அடைந்துவிடவில்லை. அந்தக் கண்காணிக்கும் குழியங்கள் ஒருவருடைய மூட்டில் ஏன் தளர்ந்துவிடுகின்றன? அவற்றை மீண்டும் பலப்படுத்துவது எவ்வாறு? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞர்களும் யுவதிகளும் உழைக்கிறார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்தோ வீங்கிய மூட்டின் நீரிலிருந்தோ வெண்குழியங்களைப் பிரித்து, வகைப்படுத்தி, அவற்றின் போக்கை நாள்தோறும் குறிக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் உறுதியான பதவி. பிறகு மீண்டும் இடம் தேடவேண்டும். அவர்களுடைய பெயர்கள் பத்திரிகையில் வருவதில்லை. ஆயினும் நம் தோட்டத்துத் தாயின் விரல் நாளை இளகுமானால், அதற்கு அவர்களுடைய கண்விழிப்பும் ஒரு காரணமாக இருக்கும்.

நமக்கு என்ன பாடம்?

மலையக மாணவர்களே, உங்களுக்கு முதலில் ஒரு சொல். உங்களில் சிலர் இன்று பேராதனையிலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் விஞ்ஞானம் கற்கிறீர்கள். பட்டம் பெற்றவுடன் சம்பளம் கொண்டுவரவேண்டும் என்று வீட்டார் எதிர்பார்ப்பது இயல்பு. லயக்காம்பராவில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கடமை பாரமானது. அதைக் குறைத்துப் பேச எமக்கு உரிமை இல்லை. ஆனால் ஆராய்ச்சியில் நாட்டம் கொண்ட பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோரும் பங்கு மக்களும் இன்னும் சில ஆண்டுகள் அப்பிள்ளையைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கணவனை இழந்த ஒரு தாய் தன் மகனை அவ்வாறு தாங்கினாள். உலகம் பயன் பெற்றது.

நோயுற்றவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் அடுத்த சொல். கைகளின் சிறு மூட்டுகள் இருபுறமும் வீங்கி, காலை விறைப்பு நீண்ட நேரம் நீடித்து, அது வாரக்கணக்கில் தொடருமானால் தைலம் பூசிக் காலம் கடத்தாதீர்கள். தோட்டத்து மருந்தகத்தில் சொல்லி, நுவரெலியா போன்ற பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டு உருக்குலையாமல் காக்கலாம். தொடங்கிய மருந்தை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இவற்றுள் சில வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்கவேண்டியவை, ஆகையால் சொன்ன முறை தவறக் கூடாது. இந்த நோய் ஒட்டிப் பரவுவதில்லை. அவள் தொட்ட பாத்திரத்தை ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். அவள் மகளுக்கு வரும் சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்கவும் வேண்டாம்.

கங்காணிமாருக்கும் தோட்ட உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிறை குறைந்த கூடையைக் கண்டதும் சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கையை ஒருமுறை பாருங்கள். அவளுடைய உடல் இரவும் பகலும் தன்னோடு தானே போரிட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் போருக்கு மேல் நீங்களும் ஒரு போரைத் தொடுக்க வேண்டாம்.

நாம் எல்லோரும் கிறிஸ்துவின் ஒரே உடலின் உறுப்புகள் என்று புனித பவுல் அடிகளார் கற்பித்தார். ஓர் உறுப்பு துன்புற்றால் மற்ற உறுப்புகள் அதனோடு சேர்ந்து துன்புறுவதே நலமுள்ள உடலின் அடையாளம். துன்புறும் உறுப்பின் மேல் பழி சுமத்தும் சமூகத்துக்கும் காவல் பிசகிய உடலுக்கும் வேற்றுமை இல்லை.

வருகிற ஜூன் 14-ஆம் திகதியை அண்டி உங்கள் பகுதியில் இரத்ததான முகாம் நடக்குமானால், உடல்நலமுள்ள இளைஞர்கள் சென்று கொடுங்கள். யாருக்குப் போகிறது என்று கேட்காமல் கொடுங்கள். அங்கே உங்கள் விரலில் குத்தி வகை பார்க்கும்போது, கட்டம் போட்ட தாளில் ஆறு பேருடைய இரத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்த அந்த வியன்னா உதவியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், இன்று அவருடைய வழியில் கண்விழித்து உழைப்பவர்களுக்காகவும், தம் உடலாலேயே வருத்தப்படும் நம் சகோதரிகளுக்காகவும் அன்று ஒரு மன்றாட்டுச் சொல்வோமாக.